மிஸ் என்ற வினைச்சொல்லும் எங்கள் அக்காவும்

வேலை முடிந்து நான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும்போது என் மனைவி லீலா வாசலில் நின்று, "டிட் யூ மிஸ் மீ?" என்று கேட்பாள். காலையில் போன மனுஷன் மாலையில் வருகிறான். இடையில் மலாயாவின் ஓர் ஈயச் சுரங்க ஆபீஸ், ஒரு தூக்குச்சட்டிச் சோறு, அவ்வளவுதான். எங்கள் தென்காசியில் எந்த மனைவியும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் புருஷன் பயந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பான். கல்யாணமான புதிதில் எனக்குப் பதில் தெரியாமல், "நோ, ஐ கேம் இன் டைம்" என்று சொல்லிவிட்டேன். அன்று சோறு மட்டும்தான் கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

என் மேல் குற்றமில்லை. தென்காசிப் பள்ளிக்கூடத்தில் 'மிஸ்' என்றால் தவறவிடுதல் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ரயிலை மிஸ் பண்ணலாம், குறியை மிஸ் பண்ணலாம். ஓர் ஆளை எப்படி மிஸ் பண்ணுவது? லீலா மலாயாவிலேயே பிறந்தவள். சிறு வயதில் தாயை இழந்து கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போதுதான் உடைந்து உடைந்து வரும். மனசிலுள்ளதை எல்லாம் ஆங்கிலத்தில்தான் சொல்லுவாள்.

கல்யாணமான மறு வருஷம் மூன்று மாத லீவில் அவளை ஊருக்குக் கூட்டிப்போனேன். தென்காசியில் எனக்கு இருந்தது உலகம்மாள் அக்கா ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் போனபிறகு என்னை வளர்த்தவள். எனக்காகச் சுரண்டையில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தாள். நான் மலாயாவில் பார்த்த பெண்ணைத்தான் கட்டுவேன் என்று நின்றதில் அவளுக்கு மனத்தாங்கல். வந்தவர்களை வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தாள், இலை போட்டாள், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் லீலாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. லீலா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளுலே" என்பாள். லீலா "போதும் அக்கா" என்று நேராகவே சொல்லுவாள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், நான் அதை மறுபடி சொல்லும்வரை.

கப்பல் டிக்கெட் விஷயமாக நான் திருநெல்வேலி போய்விட்டு மறுநாள் திரும்பினேன். உள்ளே நுழைந்ததும் அக்காவை வைத்துக்கொண்டே லீலா, "ஐ மிஸ்ட் யூ" என்றாள்.

"மிஸ்ஸுன்னா என்னலே?" என்று அக்கா கேட்டாள்.

நான் பள்ளிக்கூடத்து அர்த்தத்தைச் சொன்னேன். "தவற விட்டுட்டேங்கா."

"என்னத்தத் தவற விட்டாளாம்? நேத்துலேர்ந்து வீட்டுக்குள்ளதான இருக்கா?"

நானும் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்த ஆனியில் சாரல் நன்றாக விழுந்தது. ஒரு நாள் பக்கத்து வீட்டு வள்ளியையும் அவள் கைக்குழந்தையையும் சேர்த்துக்கொண்டு மாட்டு வண்டியில் குற்றாலம் போனோம். லீலா அருவியைக் கண்டு மிரண்டு பாறையோரமாகவே நின்றாள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து, "கண்ண மூடிக்க, மூச்ச விடாத, தலையக் குனி" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதுதான் அக்கா அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். தன் முந்தானையைப் பிழிந்து லீலாவின் தலையைத் துவட்டிவிட்டாள் அக்கா. லீலா சின்னப் பிள்ளைபோல் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து வள்ளி குளிக்கப் போனாள். குழந்தை வீறிட்டது. அக்கா அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"பசியா?" என்று லீலா கேட்டாள்.

"பசியில்லட்டி. பிள்ளைக்கு அம்மையத் தேடுது."

லீலா என் பக்கம் திரும்பி, அம்மாதான் எதிரே அருவியில் நிற்கிறாளே, எதற்குத் தேட வேண்டும் என்று கேட்டாள். ஏங்குவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம் என்றேன்.

பிறகு வீட்டில் கொஞ்சம் கலகலப்பு வந்தது. ஆனால் புறப்படுகிற அன்று எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. பெட்டிகள் வண்டியில் ஏறிவிட்டன. லீலா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஐ வில் மிஸ் யூ" என்றாள்.

அக்காவுக்கு அந்தச் சொல் நினைவிருந்தது. மெல்லக் கைகளை உருவிக்கொண்டாள். "என்னையும் தவற விட்டுருவாளாமா? எந்தம்பியக் கூட்டிட்டுப் போறது பத்தாதா, இன்னமே இந்தப் பக்கமே வரமாட்டேன்னு வாயால வேற சொல்லணுமா?" சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போய், "இல்லக்கா, நீ இல்லாம அவளுக்குக் கஷ்டமா இருக்குமாம்" என்றேன்.

"இருக்கும், இருக்கும். போலே, ரயிலுக்கு நேரமாச்சி." அடுப்புப் பக்கம் திரும்பி நின்றவள் முகத்தைக் காட்டவில்லை. ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்படியே ரயில் ஏறினால் மறுபடி அக்கா முகத்தில் விழிக்க எத்தனை வருஷம் ஆகுமோ என்று எனக்குக் கலங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.

என்னைத் தாண்டிக்கொண்டு லீலா உள்ளே வந்தாள். வார்த்தை வார்த்தையாகக் கோத்துச் சொன்னாள்.

"அக்கா. அங்க போனா, எனக்கு உங்களத் தேடும்."

அக்காவின் கை நின்றது.

"வள்ளி பாப்பா மாதிரி" என்றாள் லீலா.

அக்கா திரும்பினாள். கரித்துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையில் கொடுத்தாள். லீலாவை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, "எனக்குந்தாம்ட்டி தேடும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இதச் சொல்ல ஒனக்கு ஒரு வாயி இல்லாமப் போச்சே" என்றாள். திட்டுகிற குரலில்தான் சொன்னாள். அன்று அதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். கப்பல் லீலா பிறந்த நாட்டுக்குத்தான் போயிற்று. ஆனால் அவள் பின்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரை கோடாகிப் புள்ளியாகிறவரை அதையே பார்த்து அழுதுகொண்டு நின்றாள். தென்காசியில் பிறந்த நானோ முன்தளத்தில் நின்று, லீவு முடிந்து ஆபீஸில் குவிந்திருக்கும் வேலையையும், குவார்ட்டர்ஸ் பின்புறம் நான் வைத்த பப்பாளியையும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்துத்தான் அவளைத் தேடிப்போனேன். அவளும் என்னைத் தேடி வந்துகொண்டிருந்தாள். கப்பலின் நடுவில், கரை எதுவும் தெரியாத ஓரிடத்தில், இருவரும் எதிரெதிரே வந்து நின்றோம்.