வள்ளி அக்காவிடம் சொல்லாமல் விட்டது

பன்னீரும் பசையும் புதுத்துணியும் கலந்த ஒரு வாசனை... கிள்ளானில் வள்ளி அக்காவின் ஸ்டோர் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் முகத்தில் மோதியது.

உள்ளே எங்கே பார்த்தாலும் கல்யாண மேடைச் சாமான்கள். ஸ்பாஞ்சில் வெட்டிய தாமரைகள், தங்க பெயின்ட் அடித்த தூண்கள், கூரை வரைக்கும் மடித்து அடுக்கிய சிவப்புத் துணி.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டர். கடை, வீடு, கிடங்கு என்று யார் தீ விபத்துக் காப்புறுதி கேட்டாலும், கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்து முடிவு செய்கிற வேலை. "என் மக ஆபிசர்" என்று அம்மா செந்தூல் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் தலையில் கொஞ்சம் கனம் இருந்தது... இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா விண்ணப்பம் போட்டிருந்த ஸ்டோரைப் பார்க்கக் கொமுட்டர் ரயில் ஏறிப் போனேன். ஸ்டேஷனுக்கே வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் அக்கா. ஸ்டோருக்குள் நுழைந்ததும் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார்.

"மொதல்ல சாப்பிடும்மா. அப்புறம் பாரு. ஜாமான் எங்கயும் ஓடிடாது லா."

பத்து வருடம் ஃபேக்டரியில் நின்றபடியே வேலை செய்தவர். லீவு நாளில் துணி தைத்துத் தைத்து, ஒரு மேடை, இரண்டு மேடை என்று சேர்த்து, ஒரு நாள் துணிந்து வேலையை விட்டிருக்கிறார்.

"எல்லாம் என் கையால தைச்சதும்மா. போச்சுன்னா திரும்ப உக்காந்து தைக்க எனக்குக் கண்ணு இல்ல. அதான் இன்சூரன்ஸ் போட்டுடலாம்னு பாக்குறேன்."

ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினார். நானும் படம் எடுத்துக்கொண்டே பின் அறைக்குப் போனேன்.

அயர்ன் மேசைக்குப் பக்கத்தில் ஒரே பிளக்கில் மூன்று அடாப்டர்கள். அதைச் சுற்றிச் சுவர் பழுப்பேறி இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. இரண்டடி தள்ளி ஸ்பாஞ்ச் மூட்டைகள்.

நோட்டில் எழுதினேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஏதாச்சும் பிரச்சனையா?"

"இல்லக்கா... ஆபிஸ்ல சொல்லுவாங்க."

வாடிக்கையாளரிடம் அந்த இடத்தில் எதுவும் பேசக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். "வேணாம், ரிஜெக்ட் பண்ணிடு" என்றார்.

"வயரிங்க மாத்தினா குடுக்கலாம்னு எழுதட்டுமா சார்?"

"காரணம்லாம் எழுதாத. அப்புறம் சரி பண்ணிட்டேன்னு திரும்ப வந்து நிப்பாங்க. ஸ்பாஞ்சு, துணி... நமக்கு எதுக்கு லா இந்தத் தலவலி?"

விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை, வருந்துகிறோம் என்று ஒரே வரிக் கடிதம். கீழே என் கையெழுத்து.

கடிதம் கிடைத்த அன்றே அக்கா போன் பண்ணினார்.

"ஏம்மா கெடைக்கல? ஃபாரத்துல நான் ஏதும் தப்பா எழுதிட்டேனா?"

"கம்பெனி முடிவுக்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

"பரவால்லம்மா. நீ என்ன பண்ணுவ" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார்.

நான்கு மாதம் இருக்கும். ஆபிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு வீடியோ போட்டார்கள். பட்டப்பகலில் எரிகிறது அக்காவின் ஸ்டோர். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் இல்லை. சாமான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வயரிங் கோளாறு என்று தீயணைக்க வந்த பொம்பாக்காரர்கள் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று பல முறை நினைத்தேன்... போகவில்லை. தைரியம் இல்லை.

ஆறு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் கிள்ளானில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். சீக்கிரமே போய்விட்டேன். மேடையில் ஒருவர் துணிக்குக் கொசுவம் வைத்துப் பின் குத்திக்கொண்டிருந்தார். வள்ளி அக்கா. வேறொருவர் கம்பெனியின் டி-ஷர்ட்டில்.

அவரே என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவரைத் தொட்டது, சூடாக இருந்தது, காரணம் தெரிந்தே தெரியாது என்று சொன்னது.

கையில் இருந்த துணியை அவர் விடவில்லை. மடிப்பை ஒருமுறை நீவிவிட்டார்.

"எங்க அக்கா மகன் வயர்மேன்மா" என்றார் கடைசியாக. "ஒரு போன் அடிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பான்."

அவ்வளவுதான். திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. திரும்பிக்கொண்டு மறுபடி பின் குத்த ஆரம்பித்தார்.

அந்தத் தீக்குப் பிறகு நான் வேலை செய்கிற விதம் மாறிவிட்டது. யாருக்கு இல்லை என்று கடிதம் போனாலும், நானே கூப்பிட்டு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் திட்டுகிறார்கள். சிலர் சரி செய்துகொண்டு திரும்ப வருகிறார்கள். அதனால் மனசு ஆறிவிட்டதா என்று கேட்டால்... இல்லை.

இப்போது கம்பெனியில் யாரும் சின்னக் கடைகளைப் போய்ப் பார்ப்பதே இல்லை. அட்ரஸையும் தொழிலையும் தட்டினால் கம்ப்யூட்டரே கொடுக்கலாம், வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. மனுஷன் போய்ப் பார்த்த காலம் போச்சே என்று பழைய ஆட்கள் கேன்டீனில் அலுத்துக்கொள்வார்கள். நான் மட்டும் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு என் மேசைக்குப் போய்விடுவேன்.

போய்ப் பார்த்தவள்தானே நானும்.