முகம் மறைக்காத சாட்சி

என் மச்சான் ஜனகன் கப்பலில் சமையல்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊர் மாங்குளத்தில் பாதிப்பேர் அவன் துவக்கோடு நின்று கடற்கொள்ளையரைப் பிடித்தவன் என்று நம்புகிறார்கள்; மீதிப்பேர் அவன் புளுகுகிறான் என்கிறார்கள். இரண்டும் பிழை. கோழி பிடிக்கச் சொன்னாலே வளவைச் சுற்றி மூச்சு வாங்க ஓடிவிட்டு வெறுங்கையோடு வருகிறவன் அவன். அவன் செய்தது வேறு. அதற்குத் துவக்கு உதவாது.

அவனுடைய தகப்பன் நல்லதம்பி கலவரத்துக்குப் பயந்து மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டவர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து நெல் விதைத்தவர்கள். ஜனகன் கொழும்பில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவி, பிறகு கரண்டி பிடித்து, கடைசியில் கப்பலேறினான். என் தங்கை சுகந்தினியைக் கேட்டு வந்தபோது என் அம்மா விமலேஸ்வரி இலேசில் ஓம் சொல்லவில்லை. அவன் ஒருநாள் எங்கள் வீட்டுக் குசினிக்குள் நுழைந்து இறால் குழம்பு வைத்தான். அதற்குப் பிறகுதான் அம்மா இளகினார். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் அவனுடைய சரக்குக் கப்பல் சோமாலியாவுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தபோது கொள்ளையர் ஏறினார்கள். இப்படியான கப்பல்களில் ஓர் ஏற்பாடு உண்டு. அடித்தட்டில் தடித்த இரும்புக் கதவு போட்ட அறை ஒன்று இருக்கும். ஆபத்தென்றால் எல்லாரும் அதற்குள் போய்ப் பூட்டிக்கொண்டு கடற்படையைக் கூப்பிட வேண்டும். அன்றைக்கும் எல்லாரும் ஓடினார்கள். மேலே காவல் நின்ற வங்காளதேசத்து மாலுமி ஒருவர் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரைத் தூக்கப் போன ஜனகனுக்குக் கதவு எட்டவில்லை. இருவரும் அகப்பட்டார்கள்.

ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் உள்ளே பூட்டிக்கொண்டதால் கொள்ளையருக்குக் கப்பலை ஓட்ட முடியவில்லை. கோபத்தில் அந்த மாலுமியைத் துவக்குப் பிடியால் அடித்ததில் அவருக்கு ஒரு கண் போயிற்று. அவர் நினைவில்லாமல் கிடந்தார். ஜனகனைச் சமைக்கச் சொன்னார்கள். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு பார்த்து நின்றார்கள். தூரத்தில் ஒரு நாட்டின் போர்க்கப்பல் தெரிந்ததும், துவக்குகளைக் கடலில் எறிந்துவிட்டு, தாங்கள் வந்த மரப்படகில் இறங்கி ஓடிவிட்டார்கள். கடற்படை அந்தப் படகை மறித்துப் பிடித்தது. பிடித்தபோது துவக்குகள் எல்லாம் கடலுக்கு அடியில். படகில் ஏழு பேரும் கொஞ்ச வலையும். ஏழு பேரும் ஒரே வாயால், தாங்கள் மீன் பிடிக்கிற ஆட்கள் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் விஷயம் சமையல்காரனிடம் வந்து நின்றது. கொள்ளையரின் முகத்தைக் கண்டு நினைவோடு இருந்தவன் அவன் ஒருவன். கடற்படை அதிகாரி அவனைக் கூப்பிட்டு விளக்கினார். அடையாளம் காட்ட ஆளில்லை என்றால் வழக்கில்லை. தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து ஏழு பேரையும் கரையில் இறக்கிவிட வேண்டியதுதான். கொஞ்ச நாளில் வேறொரு கப்பலில் ஏறுவார்கள். எத்தனையோ தடவை அப்படித்தான் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறோம் என்று அவரே சலித்துக்கொண்டாராம். பிறகு அவனுடைய தோளில் தட்டி, பயப்பட வேண்டாம், முகமூடி தருகிறோம், ஒவ்வொருவராக முன்னால் கொண்டுவருவோம், நீ தலையை ஆட்டினால் போதும் என்றிருக்கிறார்.

அந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எங்கள் ஊர்க்கதை அவருக்கு என்ன தெரியும்? சண்டைக்காலத்தில் சுற்றிவளைப்பு என்றால் இராணுவத்தினர் ஊரை வளைத்து ஆட்களை வரிசையில் விடுவார்கள். முன்னால் ஒருவன் தலையில் சாக்கோடு இருப்பான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வாய் திறக்க மாட்டான். அவன் தலை ஆடினால் முன்னால் நின்றவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். தலையாட்டி என்பது அவன் பெயர். என் அண்ணன் நிரோஜன் வவுனியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தார். ஒரு காலையில் அவருக்கு முன்னால் அந்தச் சாக்கு ஆடியது. ஏன் ஆடியது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் இன்றுவரை வரவில்லை.

ஜனகன் விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது எங்களுக்குச் சொன்னது மொட்டையாக இரண்டு வசனம்: கள்ளர் ஏறினவங்கள், நேவி வந்து பிடிச்சது. அவனிடம் கதை பிடுங்குவது அவ்வளவு இலேசில்லை. ஆனால் யாரோ ஃபேஸ்புக்கில், கொள்ளையரை அடையாளம் காட்டிய தமிழர் என்று அவனுடைய படத்தைப் போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அருந்ததி அதைப் பெருமையாக அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள். அம்மா ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து மருமகனோடு கதை இல்லை. அவன் முன் வாசலால் வந்தால் அவர் பின் வாசலால் போனார்.

அந்த நேரம் பார்த்து வழக்குக்கு அழைப்பு வந்தது. இந்து சமுத்திரத்தில் உள்ள ஒரு தீவு நாட்டில் விசாரணை; அவன் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கு அதோடு சரி. சுகந்தினி அழுதுகொண்டு என்னிடம் வந்தாள்.

"அவர் போனா அம்மா எங்கட வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டா அண்ணா. போகாட்டி அவற்ற மனம் ஆறாது. நான் என்ன செய்ய?"

எனக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அவன் மேல் ஒரு கசப்பு இருந்தது. அண்ணனுடைய படத்துக்குக் கீழே இருந்து சாப்பிடுகிற எவருக்கும் அது வந்திருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம் நான் தங்கை வீட்டில் இருந்தபோது அம்மா தானாகவே வந்தார். கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. நேராக ஜனகனைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீங்கள் தலையாட்டினீங்களோ?"

"இல்லை மாமி," என்றான் ஜனகன். "முகமூடியும் போடேல்லை."

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

அவன் எழுந்து நின்றுதான் சொன்னான். அவன் அவ்வளவு நீளமாகக் கதைத்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"முதல்ல மாட்டன் எண்டுதான் சொன்னனான். பயந்திட்டன் எண்டு அதிகாரி நினைச்சார். எனக்கு நிரோஜன் அத்தான்ர படம்தான் கண்ணுக்குள்ள நிண்டது மாமி. ஆனா விட்டா, கண் போன அந்த மனிசனுக்கு ஆர் பதில் சொல்லுறது? அதால ஒண்டு கேட்டன். மூடிக்கொண்டு நிக்க மாட்டன், வெளிச்சத்தில நிக்கிறன். தலை ஆட்ட மாட்டன், ஆர் என்ன செய்தது எண்டு வாயால சொல்லுறன். அவையின்ர பாசையில அதைச் சொல்ல ஒராள் வேணும். நான் பொய் சொன்னா அவை மறுத்துக் கதைக்கட்டும் எண்டன்."

"விட்டவையோ?"

"ஓம் மாமி. ஒராள் ஒராளாக் கொண்டு வந்தவை. நீ அந்த மனிசனை அடிச்சனீ, நீ என்ர கழுத்தில கத்தி வைச்சனீ, நீ துவக்கைக் கடலுக்க எறிஞ்சனீ எண்டு முகத்தைப் பாத்துச் சொன்னன். ஒருத்தன், உன்ர முகத்தை நான் மறக்க மாட்டன் எண்டான். மறக்காத, அதுக்குத்தான் காட்டுறன் எண்டன்."

கோழி பிடிக்கத் தெரியாத என் மச்சான். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. எழுந்து அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அம்மா நின்றபடியே நின்றதால் நானும் அசையவில்லை.

"கடைசியா வந்தவர் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டார்," என்றான். "அவரையும் கள்ளரோட சேத்துக் கட்டியிருந்தவை. இவர் கள்ளன் இல்லை, படகுக்காரர், படகையும் இவரையும் சேத்துப் பறிச்சுக்கொண்டு வந்தவங்கள், சைகையால எனக்குச் சொன்னவர் எண்டன். அதிகாரி நம்பேல்லை. கப்பல்ல இவருக்குக் காலில கயிறு கட்டிக் கிடந்தது, காலைப் பாருங்கோ எண்டன். பாத்தினம். கணுக்காலைச் சுத்திக் கயிறு அறுத்த புண்."

என் கடைக்கு மோட்டார் சைக்கிள் திருத்த வருகிறவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், கடற்படை இவர்களைக் கண்ட இடத்தில் படகோடு மூழ்கடிக்க வேண்டியதுதானே என்று. நான் திருகு சாவியைக் கீழே வைத்துவிட்டு அந்த ஏழாவது ஆளைப் பற்றித்தான் சொல்வேன். பிடிக்கத்தான் வேண்டும். பிடித்த பிறகு ஆளாளாக விசாரிக்கவும் வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாத படைகளை நாங்கள் கண்ட ஆட்கள்.

அன்றைக்கு அம்மா ஜனகனுக்குக் கிட்ட வந்தார். பிறகு, "அந்தப் படகுக்காரனை என்ன செய்தவை?" என்று கேட்டார்.

"கட்டை அவிழ்த்து விட்டவை மாமி. மருந்து போட்டு, படகையும் குடுத்து அனுப்பினவை."

"வீட்டை போய்ச் சேர்ந்தவரோ?"

"சேர்ந்தவர். அதிகாரி பிறகு விசாரிச்சுச் சொன்னவர்."

அம்மா அப்போதுதான் கதிரையில் இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அப்ப ஒரு தாய்க்குப் பிள்ளை வந்திட்டான்," என்றார்.

சுகந்தினி அழுதாள். அம்மா அவளை ஒரு கையால் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, என் மச்சானை நிமிர்ந்து பார்த்தார்.

"மற்ற ஆறு பேரும் செய்ததை நீங்கள்தான் சொல்லோணும். வழக்குக்குப் போங்கோ தம்பி. அங்கயும் முகத்தை மூடாதேங்கோ."