கணவர்: உயிருடன் உள்ளார்

இன்று எங்கள் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கருணாபுரத்து அக்கா ஒருவர் வந்தார். விதவைச் சான்று கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டதாம்.

"வூட்டுக்காரரு உசுரோட கீறாருன்றாங்க. இன்னா தம்பி இது?"

அவருடைய குடும்பப் பதிவைத் திறந்தேன். கணவர்: உயிருடன் உள்ளார். கடைசியாகச் சேமித்தது நான்.

போன மாதம் அக்கா கேட்டு, இந்தப் பதிவில் போன் நம்பரை மாற்றிக் கொடுத்திருந்தேன். மதியம் நெட் படுத்துவிடும் என்பதால், அன்றைய படிவங்களையெல்லாம் காலையிலேயே திறந்து வைத்துவிடுவோம். நான் திறந்த பிறகுதான் தாலுகா அலுவலகத்தில் கணவரின் இறப்பைப் பதிந்திருக்கிறார்கள். சாயந்திரம் நெட் வந்ததும் நம்பரை மட்டும் மாற்றிச் சேமித்தேன். எந்தக் கட்டம் மாறியது என்று பார்க்க இந்த சாப்ட்வேருக்குத் தெரியாது. திரையில் இருந்த பழைய படிவத்தை அப்படியே புதிய பதிவின் மேல் எழுதிவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். நம்பரை மாற்றியதில் வந்த வினை என்று.



"மொதல்ல இருந்தது அவரு நம்பரு தம்பி. எடுக்க ஆளில்லன்னுதான் மாத்தச் சொன்னேன்."

இப்போது அவரை மறுபடி இறந்தவராக்க மனு தட்டிக்கொண்டிருக்கிறேன். 'திருத்தத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நூறு எழுத்துக்குள் இருக்க வேண்டுமாம்.

என்ன எழுதலாம், சொல்லுங்கள்.