ஸ்டோர்ஸில் மாட்டிக்கொண்ட மைக்

1. காற்றோடு போன முதல் பேட்டி

இருபத்தாறு வருடமாக அட்டைப்பெட்டி விற்கிறேன். சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் யூனிட். மறைமலைநகர் வட்டாரத்துக் கார் உதிரிபாகக் கம்பெனிகளின் புஷ்ஷும் பேரிங்கும் எங்கள் பெட்டிக்குள் உட்கார்ந்துதான் ஊர் சுற்றும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த வேலையில் பாதி, விசிட்டர் ரூம் நாற்காலியில் காத்திருந்தது. பர்ச்சேஸ் மேனேஜர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பெட்டிக்காரனைக் கண்டதும் அவர்களுக்கு ஒரு மீட்டிங் வந்துவிடும்.

அதற்கு மருந்தாகத்தான் பாட்காஸ்ட் தொடங்கினேன். விற்க வருகிறேன் என்றால் ஐந்து நிமிடம் கிடைக்காது. பேட்டி எடுக்க வருகிறேன் என்றால் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். ‘ஷிஃப்ட் முடிஞ்சு’ என்று பெயர் வைத்தேன். கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார்கள் என்பது என் நினைப்பு.

மைக் வாங்க அனுமதி கேட்டபோது எங்கள் முதலாளி வசந்தா மேடம் பசை வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் சாதிக், பெட்டி வித்து அலுத்துப்போச்சா? ரேடியோவுல சேரப் போறீங்களா?”

“பழக்கம் வளரும் மேடம்.”

“வளரட்டும். பேட்டி முடிஞ்ச கையோட கொட்டேஷனையும் குடுத்துட்டு வந்துடுங்க.”

அப்படியே செய்தேன். முதல் விருந்தாளி கூடுவாஞ்சேரியில் குடியிருந்த ஒரு பர்ச்சேஸ் மேனேஜர். மனிதர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனேன். கடலோர ஓட்டல் ஒன்றில் வஞ்சிரம் வாங்கிக் கொடுத்து, வெளியில் நிழலில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். முதல் வேலையில் தப்பான அளவுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, ராஜினாமா கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்த கதையைச் சொன்னார். மனம்விட்டுத்தான் பேசினார். முடிந்ததும் மைக்கை அணைத்தேன். பையிலிருந்து கொட்டேஷனை எடுத்தேன்.

“ஓ, இதுக்குத்தானா” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றோடு என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் பதிவு முழுக்கக் கடற்காற்று. ஆளும் போனார், பேட்டியும் போயிற்று.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்திலேயே திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். கொட்டேஷனைக் கையில் கொடுக்காமல் மறுநாள் மெயிலில் அனுப்பலாம் என்று மட்டும் மாற்றிக்கொண்டேன். அதன்பின் எடுத்த பத்துப் பன்னிரண்டு பேட்டிகளும் அந்த லட்சணம்தான். பேசியவர்கள் மார்க்கெட்டிங் புத்தகம்போலப் பேசினார்கள். நானும் அதற்கேற்றபடி தலையாட்டினேன்.

2. சாம்பிள்

எங்கள் பெட்டியில் பாதியை வாங்கியது மறைமலைநகரில் ஒரே ஒரு கம்பெனி. அதன் மூன்று வருட காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடியவிருந்தது. வெளியூர்ப் பெட்டிக்காரர் ஒருவர் எங்களைவிடக் குறைந்த ரேட்டில் உள்ளே நுழையப் பார்த்தார். அந்தக் கம்பெனி கைவிட்டால், எங்கள் ஒட்டும் செக்ஷனில் இருக்கும் பதினோரு பெண்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மேடம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அங்கே பர்ச்சேஸ் மேனேஜர் ரகுநாதன். அவரைப் பேட்டி எடுத்து மனம் குளிர வைத்துவிட்டால் காண்ட்ராக்ட் நமக்குத்தான் என்று கிளம்பினேன்.

இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே கொண்டுபோகும் சாமான் திரும்பி வெளியே வரவேண்டுமானால், கேட்டில் ‘ரிட்டர்னபிள்’ என்று எழுதிச் சீட்டு வாங்க வேண்டும். அன்று என் பையில் சாம்பிள் பெட்டிகளும் மைக்கும் ரெக்கார்டரும் ஒன்றாகக் கிடந்தன.

“உள்ள இன்னா கீது பாய்?” என்று செக்யூரிட்டி கேட்டார்.

“சாம்பிள்” என்றேன். இருபத்தாறு வருடத்துப் பழக்கதோஷம். அவரும் பையைத் திறந்து எண்ணிப் பார்த்து எல்லாவற்றையும் சாம்பிள் கணக்கில் எழுதிவிட்டார். சாம்பிள் உள்ளே போனால் போனதுதான். அது ஸ்டோர்ஸுக்குச் சேரும்.

ரகுநாதன் இருபது நிமிடம் பேசினார். “சப்ளையர்ஸ் எல்லாம் எங்க பார்ட்னர்ஸ்” என்று நான்கு முறை சொன்னார். பேசி முடித்ததும் வேறு பிளான்ட்டுக்குக் காரில் கிளம்பிவிட்டார். நான் கேட்டுக்கு வந்தால் வழியை மறித்துவிட்டார்கள்.

“சாம்பிள வெளிய எடுத்துகினு போவ முடியாது பாய். ஸ்டோர்ஸ்ல போய் கேளு.”

ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் பெயர் ஏகாம்பரம். அச்சரப்பாக்கத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர். எங்கள் பெட்டிகளைப் பல வருடமாக எண்ணி இறக்குபவர். ‘வணக்கம் சார், சீல் போட்டுடுங்க’ என்பதைத் தாண்டி அவரிடம் நான் பேசியதே இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாது இது?”

“மைக் சார். தப்பா சாம்பிள்னு எழுதிட்டாங்க.”

“எழுதுனது எழுதுனதுதான். சாம்பிள்னு வந்தா நான் செக் பண்ணணும். சரியில்லன்னு ரிஜெக்ட் பண்ணாத்தான் வெளிய போவும்.”

“அப்ப ரிஜெக்ட் பண்ணிடுங்க சார்.”

“செக் பண்ணாம எப்டி ரிஜெக்ட் பண்றது? இது எப்டி வேலை செய்யும்?”

“யாராவது பேசணும் சார்.”

“இன்னா பேசறது?”

சாமானை வாங்கிக்கொண்டு ஓடினால் போதும் என்ற அவசரம் எனக்கு. ரெக்கார்டரைத் தட்டிவிட்டு வாயில் வந்ததைக் கேட்டேன். “எங்க பெட்டி எப்படி சார் இருக்கு?”

ஏகாம்பரம் சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் பேசினார்.

3. சாக்பீஸ்

“பொட்டி நல்லாத்தான் கீது. ஆனா லேபிள கொண்டுபோய் மேல் மூடியில ஒட்டுறீங்க. நாங்க அஞ்சஞ்சா அடுக்கறோம். கீழ கீற நாலு பொட்டியில இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“என் ஆளுங்க சைடுல சாக்பீஸ்ல நம்பர் எழுதிடுவாங்க. ஆடிட்டுக்கு மொத நாளு ஈரத்துணிய வெச்சி அத்தினி பொட்டியும் தொடச்சிடுவோம். ஆடிட்டர் கேட்டத் தாண்டுனதும் மறுபடி எழுதுவோம். பேஜாரு புடிச்ச வேலை பாய்.”

சொல்லிவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே உள்ளுக்குள் சுருக்கென்றது. மாதம் தவறாமல் இந்தக் கம்பெனிக்கு வந்திருக்கிறேன். ஸ்டோர்ஸுக்குள் நுழைந்து எங்கள் பெட்டி எப்படி அடுக்கி நிற்கிறது என்று ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. மழைக்காலத்தில் அட்டை ஈரம் இழுப்பதை மோந்தே கண்டுபிடித்துவிடுவாராம். பெட்டியைத் தூக்கியதும் உள்ளே ஒரு பேரிங் குறைகிறது என்று கை சொல்லிவிடுமாம். ஒருமுறை அப்படிச் சொன்னபோது யாரும் நம்பாமல் பிரித்து எண்ணி, கடைசியில் இவரிடம் வந்து மன்னிப்புக் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போது குரலில் லேசாக ஒரு மிடுக்கு வந்தது. கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கொட்டேஷன் ஞாபகமே வரவில்லை.

கடைசியில் ‘சாம்பிள் சரியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார்.

“நான் பேசுனத போடுவியா? இல்ல, பெரிய ஆளுங்க பேச்சுதான் போடுவியா?”

“போடறேன் அண்ணே” என்றேன். சார் எப்போது அண்ணே ஆனார் என்று எனக்கே தெரியவில்லை.

4. வெட்டியதும் விட்டதும்

ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டில் என் வீட்டில் உட்கார்ந்து எடிட் செய்தேன். ரகுநாதன் பேட்டியை முதலில் முடித்து வெளியிட்டேன். ஏகாம்பரம் பேசியதை மேடத்துக்கு அனுப்பிக் கேட்கச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டார்.

“நம்ம மைக்ல நம்ம பெட்டியையே குறை சொல்ல வைக்கிறீங்களா சாதிக்? அதுவும் இந்த மாசத்துலயா? லேபிளுக்கு நாமதான் காரணம்னு வர்ற எடத்தை எடுத்துடுங்க. அந்த சாக்பீஸ் கதை நல்லா சிரிப்பா இருக்கு. அது இருக்கட்டும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினோரு பேர் சோறு அதில் அடங்கியிருந்தது. வெட்டலாம் என்றுதான் மறுபடி ஹெட்போனை மாட்டினேன். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. கம்பெனியின் தரத்தைச் சோதிக்க வரும் ஆடிட்டர் கையிலும் போன் இருக்கிறது. அனுமதி இல்லாமல் பெட்டியில் கையால் நம்பர் எழுதுவது அங்கே ஒரு தப்பு. ஆடிட்டுக்கு முன்னால் அதை அழிப்பது அதைவிடப் பெரிய தப்பு. இந்தக் கதையை எல்லோரும் ரசிப்பார்கள், ஏகாம்பரத்துக்கு மெமோ வரும். அவருக்கு அது தோன்றவே இல்லை. வீட்டு ஆளிடம் பேசுவதுபோல நம்பிப் பேசிவிட்டார்.

மேடம் சொன்னதைத் தலைகீழாகச் செய்தேன். ஏகாம்பரத்துக்கு அடிபடும் சாக்பீஸை வெட்டினேன். எங்களுக்கு அடிபடும் லேபிளை அப்படியே விட்டேன். நான் செய்தது சரியா என்று ஆடிட்டரைக் கேட்டால் வேறு பதில் வரும். திங்கட்கிழமை காலையில் மேடத்திடம் நேரில் போய்ச் சொன்னேன்.

“காண்ட்ராக்ட் போச்சுன்னா?”

“பயமாத்தான் இருக்கு மேடம். ஆனா அவர் சொன்னது நெஜம். போடறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டும் வந்திருக்கேன்.”

 மேடம் ஒட்டும் செக்ஷன் பக்கம் திரும்பினார். “இனிமே லேபிளை ரெண்டு சைடுலயும் ஒட்டுங்கம்மா. மூடியில வேணாம்.”

அதே பசை, அதே கைகள். மாற்றுவதற்கு அரைநாள்கூட ஆகவில்லை. இந்த அரைநாள் வேலை நடக்காததால்தான் அங்கே வருடக்கணக்கில் ஈரத்துணி பிடித்திருக்கிறார்கள். சாயங்காலம் எபிசோடைப் போட்டேன்.

5. “அவரு கேட்டாரு”

மூன்றாம் நாள் ரகுநாதன் கூப்பிட்டார். குரலில் பார்ட்னர் யாரும் இல்லை.

“என்ன சாதிக் இது? என் பேட்டியை ஒருத்தரும் கேட்ட மாதிரி தெரியல. ஸ்டோர்ஸ்காரர் பேசினதை பஸ்ஸுக்கு பஸ் போட்டுக் கேக்கறாங்க. எம்.டி. வரைக்கும் போயிடுச்சு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வாங்க. உங்க மேடத்தையும் கூட்டிட்டு வாங்க.”

 மறுநாள் காரில் மேடம் சிக்னலுக்குச் சிக்னல் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே வந்தார். மடியில் புதுப் பெட்டி ஒன்று இருந்தது. ரகுநாதனின் ரூமில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“குறை இருந்தா என்கிட்ட சொல்லியிருக்கலாமே ஏகாம்பரம். மைக்ல போயா சொல்வாங்க?”

“நீங்க கேக்கல சார். அவரு கேட்டாரு.”

 ரகுநாதன் கெட்டவர் இல்லை. அவருக்கு வலித்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. பேனாவை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, நான் எதற்குப் பயந்தேனோ அந்தக் கேள்வியையே கேட்டார்.

“சரி, லேபிள் தெரியாம இத்தனை வருஷம் எப்படி சமாளிச்சீங்க?”

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

“கஷ்டப்பட்டுதான் சார்” என்றார் ஏகாம்பரம்.

மேடம் அதற்குமேல் யாரையும் பேசவிடவில்லை. பெட்டியை மேஜையில் வைத்து ரகுநாதன் பக்கம் லேபிளைத் திருப்பினார். “திங்கக்கெழமையிலேர்ந்து இப்படித்தான் ஒட்டறோம் சார். அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிஞ்சுது.”

ரகுநாதன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஏகாம்பரத்தைப் பார்த்து, “இது சரியா வருமா?” என்று கேட்டார். அந்த ரூமில் அவர் ஏகாம்பரத்திடம் நிஜமாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன்.

“வரும் சார்.”

மூன்று வருடம் கேட்டோம். ஒரு வருடம் கொடுத்தார். பதினோரு பேரின் வேலையும் தப்பியது. மேடம் வெளியே வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

பின்னாலேயே ஏகாம்பரம் வந்தார்.

“சாக்பீஸ் மேட்டர காணோமே பாய்?” அச்சரப்பாக்கம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் எபிசோடை இரண்டு தடவை போட்டுக் கேட்டிருக்கிறார்.

“ஆடிட்காரங்க கேட்டா உங்களுக்குத்தான் பேஜாரு அண்ணே.”

நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

“அத்த போட்டிருந்தா ஊரே சிரிச்சிருக்கும்.”

“ஆமா.”

“எனக்குத் தோணவே இல்ல பாரு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “உனுக்குத் தோணிச்சி” என்றார். அப்புறம், “நாஸ்தா துன்னியா? மேடத்தையும் கூப்டு” என்றார்.

விசிட்டர் ரூம் டீயைத் தவிர அந்தக் கம்பெனியில் நான் எதுவும் சாப்பிட்டதில்லை. அன்று கேண்டீன் பெஞ்சில் ஸ்டோர்ஸ் ஆட்கள் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். பொங்கல் வந்தது. ஏகாம்பரம் தன் வடையை எடுத்து மேடத்தின் தட்டில் வைத்தார். வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூட யோசித்துக் குடிக்கும் மேடம் மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டார். 

மார்க்கெட்டிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்த மைக் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். எதுவானாலும் போதும். ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதில் எது வெளியே போகக்கூடாது என்பது, அவர் சொல்லாமலே உங்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரிகிறவரை நீங்கள் எடுப்பது வெறும் பேட்டி. தெரிந்தபின் அவர் உங்கள் மனிதர். பெட்டியை அதற்குப் பிறகு விற்கலாம்.