பாட்டுக்குள் புகுந்த நண்டு ஏலம்

மூன்று வருஷத்துக்கு முன்பு மீமிசலில் நடந்தது இது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். நான் பாடகி. கோயில் திருவிழா, காதணி விழா என்று ஊர் ஊராகச் சினிமாப் பாட்டு பாடி அலுத்துப்போய், சொந்தமாக ஐந்து பாட்டு போட்டு முதல் ஆல்பம் வெளியிட முடிவு செய்தோம்.

ஸ்டுடியோவுக்கு வசதியில்லை. டிரம்ஸ் வாசிப்பவரின் வீட்டு மாடியில், சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்துவைத்துப் பதிவு செய்தோம். பக்கத்திலேயே மீன் ஏலக்கூடம். நான் உருகி உருகிப் பாடும்போதுதானா ஏலக்காரர், "நண்டு ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று தொண்டை கிழியக் கூவ வேண்டும்? ஜன்னலைச் சாத்தியும் கேட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இறங்கிப்போய், "கொஞ்ச நேரம் வாய மூடுங்கண்ணே!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் அசரவில்லை.

"நண்டு அழுகிப் போயிரும் ஆத்தா. ஒம் பாட்டா அழுகப் போகுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் முகம் செத்துத் திரும்பினேன். ஒரு பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் இடைவெளியில், அவர் குரல் லேசாக விழுந்திருந்தது. என்ன செய்தும் போகவில்லை. யாருக்குக் கேட்கப்போகிறது என்று விட்டுவிட்டோம்.

ஆல்பம் வெளியான நாலாம் நாள், அந்தப் பாட்டை இணையத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒலி சரிசெய்ய அனுப்பிய எங்கள் பதிவு எப்படியோ கைமாறி, சென்னையில் ஒரு ஆடியோ கம்பெனி அதை முன்னாடியே வெளியிட்டு, நாங்கள்தான் திருடினோம் என்று புகாரும் கொடுத்திருந்தது. என் குரல், என் வரி. பாடகி என்று யார் பெயரோ! கம்பெனிக்குப் போன் செய்தால், "பதிவு எங்ககிட்டயும் இருக்கு. ஸ்டுடியோ பில் இருந்தா அனுப்புங்க" என்றார் ஒருவர்.

"மெத்தைக்குத்தான் பில் இருக்கு, அனுப்பவா?" என்றேன். வைத்துவிட்டார்.

பெரிய ஆட்களோடு மல்லுக்கட்ட முடியாது, வேறு பாட்டு போட்டுக்கொள்ளலாம் என்றார் கிடார் வாசிப்பவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. விட்டுக்கொடுக்க அது என்ன பஸ் சீட்டா? அவர்கள் வெளியிட்டதை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, அந்த இடைவெளியில், ரொம்ப மெதுவாக, "ரெண்டு தரம்."

ஏலக்கூடத்துக்கு ஓடினேன். ஹெட்போனை மாட்டியதும் ஏலக்காரர் கண்கள் விரிந்தன.

"இது என் சத்தம்ல! இதுக்குள்ள நான் எங்கிட்டு வந்தேன்?"

விஷயத்தைச் சொல்லி, கேமரா முன்னால் ஒரு தடவை ஏலம் கூவச் சொன்னேன். "அன்னைக்கு மூடச் சொன்ன, இன்னைக்குத் தொறக்கச் சொல்றியா?" என்றார். அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் நண்டுக் கூடை முன்னால் நின்று, கேமராவைப் பார்த்து, அதே இழுவையில் கூவினார். பிறகு, "இது எங்க ஊருப் புள்ளைக பாட்டு. இல்லேங்கிறவன் மீமிசலுக்கு வந்து எங்கிட்டப் பேசட்டும்" என்றார். அந்த வீடியோவோடு எங்கள் பதிவையும் அவர்கள் வெளியிட்டதையும் அடுத்தடுத்து வைத்து இணையத்தில் போட்டோம். கம்பெனிக்கும் அனுப்பினோம். இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். அப்புறம் சத்தமில்லாமல் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பாட்டு எங்கள் பெயரிலேயே திரும்பி வந்தது.

இப்போது இரண்டாவது ஆல்பம் வேலை நடக்கிறது. ஸ்டுடியோ கிடைத்தும் போகவில்லை. அதே மாடி, அதே மெத்தை. ஜன்னலை மட்டும் சாத்துவதில்லை. எவன் வேண்டுமானாலும் திருடிப் பார்க்கட்டும். அழுக்கென்று நான் துடைக்கப் பார்த்த அந்தக் குரல்தான் இன்றைக்கும் என் பாட்டுக்கு முகவரி.