ஓய்வெடுத்த திராட்சைச் சாறு

டைல்ஸ் கடை மேலாளர் குடியை விட்டார். குடிக்கிறவர்களின் பேச்சை விடவில்லை. அவருடைய மனைவியின் தலையில் வந்து விடிந்தது அதுதான்.

அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பகலெல்லாம் பிறர் பிடிக்கும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே கணவர் கையில் கோப்பையோடு எந்த மரப் பீப்பாயில் எது ஊறியது என்று அளந்துகொண்டிருப்பார். இரண்டு வருஷங்களுக்கு முன் ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டினாள். "இனி ஒரு தடவை அந்த வாடை இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, நான் இங்க இருக்க மாட்டேன்" என்றாள். மிரட்டல் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அன்றோடு நிறுத்தினார். அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அவளும் ஒரு மாதம் பாராட்டினாள்.

பிறகுதான் அவருடைய போனுக்கு ஒரு வீடியோ வந்து சேர்ந்தது. ஒயின் குடிக்காதவர்களும் கௌரவமாகச் சீஸ் சாப்பிடலாமாம். எந்தச் சீஸுக்கு எந்தப் பழச்சாறு ஜோடி என்று ஏப்ரன் கட்டிய ஓர் அம்மாள் விளக்கினாள். மேலாளருக்கு மறுபிறவி கிடைத்தது. குளியலறை டைல்ஸைத் தடவிக் காட்டி, "இதுல ஒரு அமைதி இருக்கு, கவனிச்சீங்களா?" என்று விற்பனை செய்த நாக்கு அது, ஜூஸை மட்டும் சும்மா விடுமா? நீளக் கால் வைத்த கோப்பைகள் வந்தன. ஆப்பிள் சாற்றைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடினார்.

"முதல்ல வெயில் வருது. அப்புறம்தான் ஆப்பிள் வருது."

"ஆப்பிள் ஏன் லேட்டு? வழியில டிராஃபிக்கா?" என்றாள் அவள்.

அவளுடைய தம்பி அவருக்கு 'ஜூஸ் சித்தர்' என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவரோ அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார்.

இந்தப் பெருமை கடை முதலாளியின் காதுக்கும் போயிற்று. புதுக் கிளை திறக்கப்போகிறார்கள். வருகிறவர்களுக்கு மது இல்லாமல், ஆனால் பார்ப்பதற்குப் பெரிய இடத்து விருந்துபோல ஏதாவது கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியோடு வந்து ருசி பார்ப்பதாகவும், பிடித்தால் திறப்பு விழா உபசரிப்பு முழுவதும் மேலாளர் பொறுப்பு என்றும் சொல்லியனுப்பினார். மேலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாறு ஊமை. ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் வாய் திறக்கும் என்று அந்த வீடியோ அம்மாள் சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரத்துக்கே அப்படியென்றால் ஒரு வாரம் வைத்தால் என்ன ஆகும் என்று மேலாளர் தம் அறிவைச் செலுத்தினார். கறுப்புத் திராட்சையைத் தம் கையாலேயே பிழிந்து, பாட்டில் வாயில் துணியைக் கட்டி, சமையலறை அலமாரியின் உச்சியில் வைத்தார்.

"அது ஏன் அங்க உட்கார்ந்திருக்கு?"

"ஓய்வெடுக்குது."

"நான் உட்கார நேரமில்ல இந்த வீட்டுல. திராட்சைக்கு வந்த வாழ்வைப் பாரு!"

ஞாயிறு மாலை முதலாளி, முதலாளியம்மா, தம்பி, அவள் என நால்வரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பேரிக்காய்ச் சாற்றோடு நீலப் பூஞ்சை படிந்த சீஸ் வந்தது.

"பிரெட்டுல பூஞ்சை வந்தா குப்பையில போடறீங்க மாமா. இதுக்கு மட்டும் தனித் தட்டா?" என்றான் தம்பி.

"நீ பேசாம சாப்பிடுடா."

முதலாளி பேரிக்காயைக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மேனேஜர். ஆனா காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஆப்பிளுக்கும் அதே முகம். கடைசி நம்பிக்கையாக மேலாளர் திராட்சையை இறக்கினார். ஊற்றும்போது மெல்ல நுரைத்தது. அதையும் அவர் பெருமையாகவே சுட்டிக்காட்டினார்.

முதலாளி ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்தார். இன்னொரு வாய். "யோவ், இதுதான்யா! இவ்வளவு நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

அவள் தன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனாள். எத்தனையோ இரவுகள் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த அதே வாடை. மேஜைக்கு அடியில் அவள் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. கணவரின் கோப்பை உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். கொடுக்கவில்லை. பார்த்துவிடலாம் என்று இருந்தாள்.

அவர் வாயில் வாங்கினார். வர்ணனைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் மனிதரிடமிருந்து சத்தமே வரவில்லை. கன்னம் உப்பியபடி சமையலறைக்கு ஓடினார். தொட்டியில் துப்பும் சத்தமும், குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தமும், வாய் கொப்பளிக்கும் சத்தமும் கேட்டன.

திரும்பி வந்தவர் கோப்பைகளைப் பிடுங்காத குறையாக வாங்கத் தொடங்கினார்.

"கெட்டுப்போச்சு சார். புளிச்சு, சாராயமா ஆயிடுச்சு."

"அட, அதனாலதான் ருசியா இருக்கு! ஒரு வாய்தானே, உட்காருய்யா."

"எனக்கு ஒரு வாய் கிடையாது சார். நான் விட்டவன். கொடுத்துடுங்க."

முதலாளி கோப்பையை விடவில்லை. மேலாளரும் விடவில்லை. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு கோப்பையை இழுத்ததில் பாதி முதலாளியின் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. முதலாளியம்மா எழுந்துகொண்டாள். "திறப்பு விழாவுக்கு சோடாவே போதும்" என்று சொல்லிவிட்டு முதலாளியும் கிளம்பினார். அவர்களை வழியனுப்புகிற சாக்கில் தம்பியும் நழுவினான்.

மேலாளர் பால்கனியில் போய் நின்றுகொண்டார். "அந்த பாட்டிலை நீயே கொட்டிடேன்" என்றார், உள்ளே திரும்பிப் பாராமல்.

அவள் கொட்டினாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"கொட்டியாச்சா?"

"ஆச்சு."

"வாடை?"

"போயிடுச்சு. உள்ள வாங்க."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். காலி நாற்காலிகளைப் பார்த்தார். மேஜையில் மீந்திருந்த நீலச் சீஸில் ஒரு துண்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தொண்டையைச் செருமினார்.

"எது எப்படியோ, அந்தப் பேரிக்காய் ஜோடி நல்லா அமைஞ்சுது இல்ல?"

"கண்றாவி" என்றாள் அவள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டாள்.