நடீன் ஹுடாக் திருப்பி அனுப்பிய கோழி

நடீன் ஹுடாக்கை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யங்ஸ்டவுனில் இன்று அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஆரம்பத்திலிருந்தே அவள் பக்கம் நின்றவர்கள் மாதிரி பேசுகிறார்கள். ஒருவரும் நிற்கவில்லை. நானும்தான்.

ஊருக்கு வெளியே இருந்த கார் தொழிற்சாலையில் இருபத்தோரு வருடம் பரிசோதகராக இருந்தவள் அவள். கதவுத் தகடுகள் அச்சிலிருந்து வந்து விழும். விரலால் தடவிப் பார்த்து, மயிரிழை மேடு தட்டுப்பட்டாலும் ஓரமாக எடுத்துப் போட்டுவிடுவாள். ஒரு ஷிஃப்டின் மொத்தச் சரக்கையும் கழித்துவிட்டாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் இன்னும் பல்லைக் கடிப்பார்கள். ஆலை மூடியபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. புருஷன் டெக்சாஸுக்கு வேலை தேடிப் போனான். வேலையோடு இன்னொரு குடும்பமும் கிடைத்து அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளைகள் கிடையாது. கல்யாண வேலைகளை எடுத்து நடத்தித் தருவதாகச் சர்ச் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தத் தொழிலுக்கு இனிக்க இனிக்கப் பேசத் தெரிய வேண்டும். இவளோ 'குட் மார்னிங்' சொன்னாலே ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கும்.

எனக்குப் பூக்கடை. என் பெயர் டெஸ்பினா, எல்லோருக்கும் டெஸ். முதல் தடவை என் கடைக்கு வந்தபோது அவள் ஒரு பூவைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராகக் குளிர் அறைக்குள் போய் நின்றாள்.

"கரன்ட் போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"இதுவரைக்கும் போனதில்ல."

"நான் அதக் கேக்கல. சரி, கல்யாணத்தன்னிக்கு வந்து பூ வைக்கறது யாரு? நீயா, இல்ல யாரையாவது அனுப்பி வெப்பியா?"

"நாந்தான் வருவேன்."

"அப்ப உன் பேர ஒப்பந்தத்துல எழுது. கடை பேரு வேண்டாம். உன் பேரு."

பழைய வாடிக்கையாளர்கள் மூன்று பேருடைய நம்பரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "நீயாப் பொறுக்கிக் குடுக்கறவங்க உன்னப் பத்தி நல்லாதான் சொல்லுவாங்க. போன அக்டோபர்ல நீ பண்ணின அத்தன கல்யாணத்தோட பேரும் குடு. யாரக் கேக்கணும்னு நான் பாத்துக்கறேன்" என்றாள். கேட்டும்விட்டாள். ஒரு கல்யாணத்துக்கு என் மேசைப் பூக்கள் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது தெரிந்துபோயிற்று. வேன் பஞ்சர் என்றேன். இன்னொரு வேனுக்கு யாரிடம் சொல்லிவைத்திருக்கிறாய் என்றாள். யாரிடமும் இல்லை. அன்று சாயங்காலமே என் மைத்துனனிடம் பேசி, அவன் வேன் நம்பரையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அவளோடு ஆறு வருடம் வேலை செய்தேன். பூ அழகாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னதில்லை. ஆனால் அவள் எடுத்து நடத்திய கல்யாணம் எதுவும் பாதியில் தடுமாறியதும் இல்லை. பாட்டுப் போடுகிறவன் வராமல் போனால் இருபது நிமிடத்தில் இன்னொருவன் வந்து நிற்பான். மணப்பெண்கள் அவளைக் கண்டு நடுங்கினார்கள். தங்கைகளின் கல்யாணத்துக்கும் அவளையே கூப்பிட்டார்கள். எங்களைப் போன்ற தொழில்காரர்கள் அவளைச் சகித்துக்கொண்டோம்.

கார்மன் ஸ்பினெல்லிக்கு அந்தச் சகிப்பும் கிடையாது. மேட்டுத் தெருவில் சரவிளக்குகள் தொங்கும் மண்டபம் அவனுடையது. சமையலும் அவனுடையதே. ஊரில் பாதிப்பேர் அங்கே கல்யாணம் செய்துகொண்டவர்கள், மீதிப்பேர் அங்கே நடனமாடியவர்கள். எல்லோரையும் கட்டிப்பிடிப்பான், எல்லோரையும் 'தங்கம்' என்பான். வருடத்துக்கு முப்பது கல்யாணம் அவனால் எனக்கு வந்துகொண்டிருந்தது. மண்டபத்தின் அடுப்படிக்குள் நடீன் நுழைவதைப் பார்த்தால் மட்டும் அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விடும்.

அவன் மண்டபத்தில் நடீன் எடுத்து நடத்திய ஒரு செப்டம்பர் கல்யாணத்துக்கு இருநூற்றுப் பத்து விருந்தினர்கள். சாப்பாடு ஐந்து மணிக்கு. மத்தியானம் ஒரு மணிவாக்கில் பூச்செண்டுகளைக் குளிர் அறையில் வைக்க அடுப்படிக்குப் போனேன். பதினொன்றரைக்கே கோழியை வாட்டி, சூடு ஆறாமல் வைக்கும் பெரிய எஃகு அலமாரிக்குள் அடுக்கியிருந்தார்கள். அலமாரியின் விளக்கு எரியவில்லை. சமையல்காரன் குனிந்து பிளக்கை ஆட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான். பின்னாலேயே கார்மன் வந்தான்.

"ஒண்ணுமில்ல தங்கம், சரியாயிடும். நீ உன் பூவப் பாரு."

நான் என் பூவைப் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குக் கால் மணி இருக்கும்போது நடீன் அடுப்படிக்குள் வந்தாள். எப்போதும் போலக் கோட்டுப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் கோழியில் குத்தினாள். நூற்று நான்கு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. நூற்று முப்பத்தைந்துக்குக் கீழே போகவே கூடாது. இன்னொரு தட்டில் குத்தினாள். நூற்று இரண்டு.

"இது வெளிய போகாது" என்றாள்.

"மெதுவாப் பேசு நடீன். ரெண்டு நிமிஷம் அடுப்புல காட்டி அனுப்பிடறேன்."

"மத்தியானத்துலேருந்து வெதுவெதுன்னு கெடந்திருக்கு. இனிமே எரிச்சுக் கரியாக்கினாலும் பிரயோஜனம் இல்ல. குப்பையில கொட்டு."

"வெளிய எரநூத்திப் பத்து பேர் உக்காந்திருக்காங்கடி!"

"அதனாலதான் சொல்றேன்."

தட்டுகளோடு பரிமாறுகிறவர்கள் கிளம்பினார்கள். அவள் போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். சத்தம் மணமக்கள் மேசைவரைக்கும் கேட்டது. பெண்ணின் அப்பா முகம் சிவந்து ஓடிவந்தார்.

"என் பொண்ணு கல்யாணத்தக் கெடுக்க நீ யாரும்மா?"

"நீங்க வெச்ச ஆளு" என்றாள் நடீன். "இதுக்குத்தான் வெச்சீங்க."

அவர் அவளைத் தள்ளிவிடப் பார்த்தார். அவள் நகரவில்லை.

விருந்தினர்கள் ரிகடோனி பாஸ்தாவும் கீரையும் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் பிஸ்கட் மேசை இல்லாமல் இருக்காது. அத்தைகளும் சித்திகளும் மூன்று மாதமாகச் சுட்டுச் சேர்த்துவைத்தவை, சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடவேண்டும். பசித்த கூட்டம் அதன்மேல் பாய்ந்து கேக் வெட்டுவதற்குள் காலி செய்துவிட்டது. சுட்ட பெண்களின் கோபம் முழுக்க நடீன்மேல். ஆறரை மணிக்கு அவள் போன் பண்ணி வரவழைத்த நாற்பது பீட்சாப் பெட்டிகள் வந்தன. மணப்பெண் வெள்ளைக் கவுனில், காகிதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

யாருக்கும் வயிற்றுவலி வரவில்லை. நடீனுக்கு வினையானதே அதுதான். இருபது பேர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் அவளைத் தலையில் தூக்கிவைத்து ஆடியிருப்பார்கள். யாரும் தின்னாததால் அவள் சொன்னது உண்மை என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. வெப்பமானி பழுது என்றான் கார்மன். புருஷன் விட்டுட்டுப் போனவ, அடுத்தவ கல்யாணத்தப் பாக்கப் பொறுக்கல என்றான். ஊர் தலையாட்டியது. தொழில்காரர்கள் நாங்கள் மாதம் ஒருமுறை கூடிக் காலைச் சாப்பாடு சாப்பிடுவோம். அங்கே எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டான்.

"டெஸ், நீ அன்னிக்கு உள்ளதானே இருந்த? எல்லாம் சரியா இருந்துச்சுல்ல?"

"நான் பூவைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றேன்.

அவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

நடீனோடு வேலை செய்கிறவர்கள் இனி என் மண்டபத்துப் படி ஏற வேண்டாம் என்று அடுத்த வாரமே சொல்லி அனுப்பினான். பாட்டுக்காரன், படம் எடுக்கிறவன், கேக் செய்கிறவள், ஒவ்வொருவராக அவள் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். நான் கொஞ்சம் மரியாதையாக, கடைத்தாளில் கடிதம் எழுதி நிறுத்தினேன். அவள் பதில் போடவில்லை. மளிகைக்கடையில் இறைச்சி சீவிக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். வருடத்துக்கு இரண்டோ மூன்றோ கல்யாணம், ஆட்களை க்ளீவ்லேண்ட், ஈரி என்று வெளியூர்களிலிருந்து கூட்டிவந்து நடத்தினாள். சர்ச்சில் பூசைக்கு வந்தால் அவள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவளும் யார் முகத்தையும் பார்க்காமல் நடுவில் உட்கார்ந்து, முடிந்ததும் எழுந்து போவாள். இப்படி நாலு வருடம்.

அதன் பிறகு கார்மனின் ஒரே மகள் மரிஸாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் நடீன் வீட்டுக் கதவைப் போய்த் தட்டினாள்.

இதை மரிஸாவே என்னிடம் சொன்னாள். நடீன் அவளை உள்ளே கூப்பிடவில்லையாம். வாசலில் நிறுத்தியே, "ஏன் எங்கிட்ட வந்த?" என்று கேட்டாளாம்.

"எங்கப்பாவுக்குப் பயப்படாத ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். எனக்கு என் கல்யாணம் வேணும். அவர் நடத்தற கல்யாணம் வேண்டாம்."

அப்பாவின் மண்டபம் வேண்டாம் என்று தீயணைப்பு நிலையத்துக் கூடத்தைப் பிடித்தார்கள். கார்மன் வீட்டில் பாத்திரங்கள் பறந்தன. கடைசியில், சமையலாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று இறங்கிவந்தான். நடீன் சரி என்றால் சரி என்றாள் மகள். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை, எல்லாத் தொழில்காரர்களையும் அந்தக் கூடத்துக்கே வரச்சொல்லி நடீன் விசாரித்தாள். பூவுக்கு மரிஸா என் பெயரைச் சொல்லியிருந்ததால், என் முறை வரும்வரைக்கும் சுவரோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் கார்மன்.

கோட்டு சூட்டு போட்டு வந்திருந்தான். மேசைக்கு எதிர்ப்பக்கம் நடீனும் மரிஸாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"போன ஜூன்ல நீ சமைச்ச கல்யாணம் எல்லாத்தோட பேரும் வேணும்" என்றாள் நடீன்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் உனக்குப் பட்டியல் குடுக்கணுமா?"

"எல்லாரும் குடுக்கறாங்க. சூடு ஆறாம வெக்கற அலமாரி எத்தன வெச்சிருக்க?"

"வேணும்னே கேக்கற!"

"எத்தன?"

"ரெண்டு. போதுமா?"

"ஒண்ணு நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவ? அன்னிக்குப் பண்ணின மாதிரியா?"

கார்மன் மேசையைத் தட்டி எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஆமாடி! நின்னுபோச்சு! ஒரு மணிக்கே எனக்குத் தெரியும். இருபத்தஞ்சு வருஷமா சமைக்கறேன், ஒருத்தன் செத்தானா? நீ வாய மூடிட்டு இருந்திருந்தா எல்லாரும் சாப்ட்டுட்டு ஆடிப் பாடிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. இதோ உக்காந்திருக்காளே டெஸ், இவளுந்தான் பாத்தா. இவ வாயத் தொறந்தாளா? இவளுக்குப் பொழைக்கத் தெரியும்!"

மரிஸா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெப்பமானி ரிப்பேர்னு சொன்னீங்களேப்பா" என்றாள். "அவங்கள ஊர்ல யாரும் சேத்துக்காமப் பண்ணினீங்களே."

"மரிஸா, தங்கம்..."

"நீங்க சமைக்க வேண்டாம்ப்பா."

அவன் போய்விட்டான். கார்க் கதவை அறைந்த சத்தம் கேட்டது. நடீன் ஜெயித்தவள் மாதிரி இல்லை. தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, தலையைத் தூக்காமல், "அடுத்தது" என்றாள்.

நான் போய் உட்கார்ந்தேன். பூக்களின் படங்களை எடுத்துவந்திருந்தேன். அவற்றை வைத்த பை மடியிலேயே இருந்தது.

"நீ பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன்."

"ஒரு மணிக்கு?"

"ஆமா. நடீன், எனக்கு அப்ப..."

"அவன் பயந்துபோய் பொய் சொன்னான், அவன் மண்டபம். உனக்கு என்ன கெட்டுப்போச்சு? எங்கிட்ட வந்து காதுல ஒரு வார்த்த. நாலு மணி நேரம் இருந்துச்சு. புதுசா சமைச்சிருக்கலாம். அந்தப் பொண்ணு அழுதிருக்க மாட்டா."

அவளைப் பிடிக்காது என்பதுதான் உண்மையான காரணம் என்று அந்த நிமிடத்தில் எனக்கே உறைத்தது. கார்மன் தந்த முப்பது கல்யாணம் ஒரு சாக்கு. அவள் எங்கேயாவது சறுக்கட்டும் என்று நானும் காத்திருந்திருக்கிறேன்.

"உன் பூ நல்ல பூ" என்றாள் நடீன். "எப்பவுமே நல்ல பூ. ஆனா நீ எனக்கு வேண்டாம். போ."

மரிஸாவின் கல்யாணம் ஆகஸ்டில் நடந்தது. பூ ஆக்ரனிலிருந்து வந்தது, சமையல் செய்தது வாரனிலிருந்து வந்த ஒரு செர்பியக் குடும்பம். கார்மன் மகளைக் கைபிடித்து பீடம்வரை கூட்டிப்போனான். கூடத்தில் அவளோடு ஒரு நடனம் ஆடினான். சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் கிளம்பிவிட்டான். நடீன் வழிவிட்டு ஒதுங்கி நின்றதாகவும், இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை என்றும் போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தச் சனிக்கிழமைச் சங்கதி ஒரு வாரத்தில் ஊரெல்லாம் பரவியிருந்தது. மன்னிப்புக் கேட்டு அவள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. அவள் போன் செய்தால் எடுக்க மட்டும் ஆரம்பித்தார்கள். அவளும் நாலு வருடக் கதை எதையும் கிளறாமல், பழையபடி கேள்விகளிலிருந்தே தொடங்கினாள்: யார் வருவார்கள், பெயர் என்ன, வராவிட்டால் யார். மளிகைக்கடை வேலையை விட்டாள். கார்மனின் மண்டபமும் ஓடுகிறது. சரவிளக்கு வேண்டுமென்கிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். மரிஸா அந்தப் பக்கம் போவதில்லை.

குளிர்காலத்தில் ஒருநாள் நான் நடீனுக்குப் போன் செய்து, சொல்லவேண்டியதைச் சொன்னேன். திக்கித் திணறித்தான் சொன்னேன். நான் முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"கேட்டுச்சு" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

இப்போது வருடத்துக்குப் பதினைந்து கல்யாணம் நடத்துகிறாள். ஒன்றுக்குக்கூட என் கடையிலிருந்து பூ போவதில்லை. அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.